அட்லாண்டாவில் அழிக்கப்பட்ட விடைகள்

2006-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில் ஒரு சிறுமி மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வாசிப்புப் பாடத்தில் வகுப்பிலேயே கடைசி மதிப்பெண் அவளுக்குத்தான். அந்த ஆண்டின் மாநிலத் தேர்வு முடிவு வந்தபோது தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மகள் தேறியது மட்டுமல்ல, எதிர்பார்த்த தரத்தைவிட உயரத்தில் இருப்பதாக அந்தத் தாள் சொன்னது. வீட்டில் படிக்கத் தடுமாறும் பிள்ளை தேர்வில் மட்டும் எப்படி இவ்வளவு மதிப்பெண் வாங்கினாள்? மேலே போய்க் கேட்டபோது, உங்கள் மகள் பரீட்சை நன்றாக எழுதுகிற பிள்ளை என்ற அளவில்தான் பதில் கிடைத்தது.

2013 மார்ச் மாதம் அந்தத் தாய்க்கு உண்மையான பதில் வந்தது. அட்லாண்டா பள்ளிகளின் முன்னாள் தலைமை அதிகாரி உட்பட 35 கல்வியாளர்கள்மீது குற்றச்சாட்டு பதிவானது. மாணவர்களின் விடைத்தாள்களில் தவறான விடைகளை அழித்துச் சரியானவற்றை நிரப்பினார்கள், அல்லது அதற்குத் துணைபோனார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சிறுமி அப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அவளுடைய வாசிப்புத் திறன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

தேறாத பிள்ளை என்று ஒரு தாள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தனிப்பாடம் கிடைத்திருக்கும். தேறிவிட்டாள் என்று எழுதப்பட்டதால் அந்தக் கதவு மூடிக்கொண்டது. பிள்ளைகள் பின்தங்கக் கூடாது என்பதற்காக நாடு முழுவதும் கொண்டுவந்த தேர்வுமுறை, பின்தங்கிய பிள்ளையையே கண்ணில் படாமல் மறைத்தது எப்படி? அந்தக் கதை அட்லாண்டாவில் தொடங்கவில்லை. டெக்சாஸில் தொடங்கியது.

ஒரு மாநிலத்தின் 'அற்புதம்'

அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளை நடத்துவது மைய அரசு அல்ல. மாநிலங்களும், அவற்றுக்குள் இயங்கும் பள்ளி மாவட்டங்களும்தான் நடத்துகின்றன. செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே மைய அரசு கொடுக்கிறது. மீதியில் பெரும்பகுதி மாநில நிதியிலிருந்தும் உள்ளூர் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. வீட்டு விலை அதிகமான பேட்டையில் பள்ளிக்குப் பணம் கொழிக்கும். ஏழைகள் வாழும் பகுதியில் அது வற்றிக் கிடக்கும்.

இது நியாயமா என்று கேட்டு டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்துப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் மிகுந்த எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில் 1967-68இல் ஒரு மாணவருக்குச் செலவானது 356 டாலர். அதே நகரத்தின் வசதியான அலாமோ ஹைட்ஸ் பகுதியில் 594 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பெற்றோர் தோற்றார்கள். பள்ளிகளுக்குச் சமமான பணம் தரவேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பு.

பணத்தில் சமத்துவம் கேட்கும் வழி இப்படி அடைபட்டபின், மதிப்பெண்ணில் சமத்துவம் கேட்கும் வழி திறந்தது. 1983இல் அதிபர் ரீகன் காலத்துக் குழு ஒன்று, அமெரிக்கப் பள்ளிகளின் தரம் நாட்டையே ஆபத்தில் தள்ளுகிறது என்று அறிக்கை கொடுத்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகத் தேர்வுகள் பெருகின. டெக்சாஸ் அதில் முன்னால் நின்றது. தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளிகளைத் தரம் பிரித்தார்கள். தலைமையாசிரியரின் வேலையும் ஊக்கத்தொகையும் அதைப் பொறுத்தே அமைந்தன. மதிப்பெண்கள் ஏறின. கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இருந்த இடைவெளி சுருங்குவதாகக் காகிதம் காட்டியது. 'டெக்சாஸ் அற்புதம்' என்று பெயர் வந்தது. அப்போது ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதைச் சொல்லித்தான் 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் வாக்குக் கேட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 1969 முதல் மைய அரசு ஒரு மாதிரித் தேர்வை நடத்திவருகிறது. நாடெங்கும் சில மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் அந்தத் தேர்வால் எந்த ஆசிரியருக்கும் வேலை போகாது, எந்தப் பள்ளிக்கும் பெயர் கெடாது. டெக்சாஸின் சொந்தத் தேர்வில் தெரிந்த பாய்ச்சல் இந்த மாதிரித் தேர்வில் அந்த அளவுக்கு இல்லை. சுருங்கியதாகச் சொன்ன இடைவெளியும் சுருங்கவில்லை. ஒரே பிள்ளைகளை இரண்டு தராசில் நிறுத்தால், மிரட்டல் இருக்கும் தராசு அதிக எடை காட்டியது.

ஒன்பதாம் வகுப்பிலும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. டெக்சாஸில் பத்தாம் வகுப்பில்தான் முக்கியத் தேர்வு. தேற மாட்டார்கள் என்று தோன்றிய பிள்ளைகள் ஒன்பதிலேயே நிறுத்தப்பட்டு, அந்த வகுப்பில் எண்ணிக்கை வீங்கிக் கிடந்ததை வால்ட் ஹேனி என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். நிறுத்தப்பட்டவர்களில் பலர் பிறகு பள்ளியையே விட்டார்கள். ஹூஸ்டன் நகரின் ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியில் 2001-02இல் சுமார் 1,650 மாணவர்களில் 460க்கும் மேற்பட்டோர் வெளியேறியிருந்தும், இடைநின்றவர் ஒருவர்கூட இல்லை என்று கணக்கு எழுதப்பட்டது. அங்கிருந்த உதவித் தலைமையாசிரியர் ஒருவரே இதை வெளியே சொன்னார். நகரின் 16 பள்ளிகளில் மாநிலத் தணிக்கையாளர்கள் தோண்டியபோது, வெளியேறிய 5,500 பேரில் ஏறத்தாழ 3,000 பேரை இடைநின்றவர்கள் என்று பதிந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இது தெரிந்த கதைதான். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்டவேண்டும் என்பதற்காக, படிப்பு மெதுவாக வரும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்துவதும், டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வதும் இங்கும் நடந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ரேங்க் பட்டியல் வெளியிடுவதை 2017இல் அரசு நிறுத்தியதும் இந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கத்தான்.

381-க்கு 41

ஹூஸ்டன் கணக்குகளின் உண்மை வெளிவருவதற்கு முன்பே டெக்சாஸ் முறை நாட்டின் சட்டமாகிவிட்டது. ஹூஸ்டன் பள்ளிகளின் தலைவராக இருந்த ராட் பெய்ஜ் மைய அரசின் கல்வி அமைச்சரானார். 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்ற பெயர் கொண்ட சட்டம் 2001 டிசம்பரில் கீழவையில் 381-க்கு 41 என்றும், மேலவையில் 87-க்கு 10 என்றும் நிறைவேறியது. குடியரசுக் கட்சி அதிபரின் பக்கத்தில் ஜனநாயகக் கட்சியின் பெருந்தலைவர் டெட் கென்னடி நின்றார். 2002 ஜனவரி 8-ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தில், ஹாமில்டன் நகரப் பள்ளி ஒன்றில் புஷ் கையெழுத்திட்டார்.

இரண்டு கட்சிகளும் சேர்ந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. அதுவரை ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண் நன்றாக இருந்தால் போதும். அந்தச் சராசரிக்கு அடியில் ஏழைப் பிள்ளைகள் புதைந்து கிடப்பது யாருக்கும் தெரியாது. புதிய சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது. முடிவுகளை இனவாரியாகவும், வறுமை, உடற்குறை, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாமை என்று பிரித்தும் வெளியிடச் சொன்னது. கறுப்பினப் பிள்ளைகள் மட்டும் ஏன் தேறவில்லை என்று ஒரு தாய் கேட்டால், பள்ளி இனி பதில் சொல்லியாக வேண்டும். மனித உரிமை அமைப்புகள் பல இந்தச் சட்டத்தின் தேர்வுகளைக் கைவிடாமல் ஆதரித்தது இதனால்தான். 2015இல் தேர்வுக்கு எதிர்ப்பு உச்சத்தில் இருந்தபோதும், ஆண்டுத் தேர்வு தொடரவேண்டும் என்று அந்த அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன. அளக்காவிட்டால் எங்கள் பிள்ளைகள் மறுபடியும் கண்ணில் படாமல் போவார்கள் என்பது அவர்கள் பயம். அது வெறும் பயமல்ல, பல தலைமுறை அனுபவம்.

கோளாறு அளப்பதில் இல்லை, அதற்கு அடுத்த வரியில் இருந்தது. 2013-14 கல்வியாண்டுக்குள் நாட்டின் ஒவ்வொரு மாணவரும், நூற்றுக்கு நூறு பேரும், தேர்ச்சிநிலையை எட்டவேண்டும் என்றது சட்டம். அந்த இலக்கை நோக்கி ஆண்டுதோறும் போதிய முன்னேற்றம் காட்டாத பள்ளிக்குத் தண்டனைகள் வரிசை கட்டின. இரண்டு ஆண்டு தவறினால் பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறலாம். மூன்றாம் ஆண்டு பள்ளி மாவட்டத்தின் பணத்தில் வெளியார் டியூஷன். அதன்பின் பாடத்திட்டத்தையோ ஊழியரையோ மாற்றும் நடவடிக்கை. இறுதியில் பள்ளியையே கலைத்து மறுசீரமைக்கும் திட்டம். ஒரு பள்ளியில் பத்துப் பிரிவு மாணவர்கள் இருந்து ஒன்பது பிரிவு தேறினாலும், மீதி ஒன்று தவறினால் பள்ளியே தவறியதாகக் கணக்கு.

தேர்ச்சி என்றால் என்ன என்று வரையறுக்கும் வேலையை மட்டும் சட்டம் மாநிலங்களிடமே விட்டது. கேள்வியை எளிதாக்கினால் தேர்ச்சி கூடும், தண்டனை குறையும். கடுமையான தேர்வு வைத்த மாநிலம்தான் கெட்ட பெயர் வாங்கியது. போதிய பணம் தராமல் தேர்வுச் சுமையை ஏற்றுகிறார்கள் என்று கனெக்டிகட் மாநிலம் 2005இல் மைய அரசுமீது வழக்கே போட்டுத் தோற்றது. ஒரு தேர்ச்சி விகிதத்துக்காகப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பதில் சொன்னார்கள். எட்ஜ்வுட் பெற்றோர் எழுப்பிய பழைய பணக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் அழைக்கப்படவில்லை.

எல்லைக்கோட்டுப் பிள்ளைகள்

வகுப்பறைக்குள் இதன் விளைவு உலகுக்குப் புதிதல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர், தேறும் பிள்ளைக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம் என்ற முறையைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். பிள்ளை தவறும் ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் மானியம் போகும். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்ட், படிக்கவே தெரியாத பிள்ளைகள் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கண்டு வருந்தி எழுதினார். அந்த முறை கப்பலேறி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இன்ஸ்பெக்டர் வந்து சோதித்துத் தரும் மானியத்துக்காகப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திய காலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. இங்கிலாந்து 1890களில் அந்த முறையைக் கைகழுவியது.

அமெரிக்காவில் அந்த மானியத்தின் இடத்தைத் தேர்ச்சி விகிதம் பிடித்தது. விகிதத்தை உயர்த்த எந்தப் பிள்ளைமீது உழைப்பது லாபம்? டெக்சாஸின் ஒரு தொடக்கப் பள்ளியைக் கூர்ந்து பார்த்து ஜெனிஃபர் பூஹர்-ஜென்னிங்ஸ் என்ற சமூகவியலாளர் 2005இல் எழுதிய ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. போர்க்களத்து மருத்துவர் காயம்பட்டவர்களைப் பிரிப்பதுபோல, அங்கே மாணவர்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். எப்படியும் தேறுபவர் பச்சை. கொஞ்சம் தள்ளினால் கோட்டைத் தாண்டுபவர் மஞ்சள். எவ்வளவு உழைத்தாலும் இந்த ஆண்டு தேறாதவர் சிவப்பு. சிறப்பு வகுப்பும் கூடுதல் நேரமும் மஞ்சளுக்குப் போயின. எந்தப் பிள்ளைக்காகச் சட்டம் இயற்றப்பட்டதோ அந்தப் பிள்ளை சிவப்பில் இருந்தது.

பாடவேளைகளும் மாறின. 2007இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வு ஒன்றில், சட்டம் வந்தபின் தொடக்கப் பள்ளிகளில் வாசிப்புக்கும் கணக்குக்கும் நேரத்தைக் கூட்டியதாக 62 சதவீதப் பள்ளி மாவட்டங்கள் கூறின. அதற்காக அறிவியல், சமூக அறிவியல், ஓவியம், இசை, உடற்பயிற்சி, இடைவேளை போன்றவற்றில் ஏதாவதொன்றைக் குறைத்ததாக 44 சதவீதம் ஒப்புக்கொண்டன. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இசையும் ஓவியமும் வெளியே கிடைக்கும். பள்ளியில் மட்டுமே வயலினைத் தொட்டுப் பார்க்கக்கூடிய பிள்ளையிடமிருந்துதான் அது பறிபோனது.

இத்தனை கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தாமஸ் டீ, பிரையன் ஜேக்கப் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், தண்டனை இல்லாத அந்த மைய மாதிரித் தேர்வை வைத்து 2011இல் அளந்தார்கள். நான்காம் வகுப்புக் கணக்கில் உண்மையான முன்னேற்றம் இருந்தது. ஏழைப் பிள்ளைகளிடம் அது தெளிவாகத் தெரிந்தது. வாசிப்பில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கணக்கில் கிடைத்த அந்தப் பலனைத் தூக்கி எறிந்துவிட முடியாது. அதற்காக எந்த விலையையும் கொடுக்கலாம் என்றும் ஆகாது.

ஜன்னல் இல்லாத அறை

அட்லாண்டாவில் அந்த விலை என்னவென்று தெரிந்தது. பெவர்லி ஹால் 1999இல் அந்நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஜமைக்காவில் பிறந்தவர், உறுதியானவர். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளால் முடியாது என்ற பேச்சையே ஏற்காதவர். தலைமையாசிரியர்களுக்கு மதிப்பெண் இலக்கு வைத்தார். மூன்று ஆண்டுக்குள் எட்டாவிட்டால் வேறொருவர் வருவார் என்றார். அவர் காலத்தில் தலைமையாசிரியர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் மாறினார்கள். ஆண்டுதோறும் நகரத்தின் பெரிய விளையாட்டரங்கில் ஆசிரியர்கள் கூடும்போது, இலக்கை எட்டிய பள்ளிகளுக்கு மேடைக்கு அருகே மைதானத்தில் இடம். எட்டாத பள்ளிகளுக்கு மேலே கேலரியில். மதிப்பெண் குறைந்த ஆசிரியை ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் மேசைக்கு அடியில் தவழ வைத்தார் ஒரு தலைமையாசிரியர் என்று பிறகு விசாரணை அறிக்கை பதிந்தது.

மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போயின. 2009இல் ஹால் அந்த ஆண்டின் சிறந்த பள்ளி மாவட்டத் தலைவராக நாட்டளவில் தேர்வானார். அதே காலத்தில் 'அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிடியூஷன்' நாளிதழ் நிருபர்கள் மதிப்பெண் பட்டியல்களைக் கணினியில் போட்டு அலசினார்கள். இயல்பாக நடக்க வாய்ப்பே இல்லாத பாய்ச்சல்கள் அதில் தெரிந்தன. மாநில அரசும் விடைத்தாள்களை இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தது. நம் ஊரில் ஓ.எம்.ஆர். தாள் என்கிறோமே, அதே வட்டம் நிரப்பும் தாள். பென்சிலால் நிரப்பிய வட்டத்தை அழித்தால் காகிதத்தில் மங்கலான தடம் நிற்கும். சில வகுப்புகளில் தவறிலிருந்து சரிக்கு மாற்றப்பட்ட அழிப்புகள் குவிந்து கிடந்தன.

ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு 56 பள்ளிகளை ஆராய்ந்தது. 2011 ஜூலையில் வந்த அறிக்கையின்படி 44 பள்ளிகளில் முறைகேடு நடந்திருந்தது. 38 தலைமையாசிரியர்கள் உட்பட 178 கல்வியாளர்களுக்குத் தொடர்பு. அவர்களில் 82 பேர் ஒப்புக்கொண்டார்கள். தேர்வு வாரத்தில் தினமும் பிற்பகல் ஜன்னல் இல்லாத அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு விடைகளை மாற்றிய ஆசிரியர் குழு ஒன்று இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருவரான மூன்றாம் வகுப்பு ஆசிரியைதான் முதலில் மனம் உடைந்து விசாரணையாளர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். பின்னர் சக ஆசிரியர்களோடு பேசும்போது ஒலிப்பதிவுக் கருவியை உடலில் மறைத்து வைத்துக்கொண்டு போனார்.

விசாரணை நடந்துகொண்டிருந்த 2010-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜியா மாநிலத்துக்கு மைய அரசிடமிருந்து 40 கோடி டாலர் பரிசு வந்தது என்பது இக்கதையின் முக்கியமான திருப்பம். அதிபர் ஒபாமாவின் கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன் 435 கோடி டாலரில் மாநிலங்களுக்கிடையே ஒரு போட்டி வைத்திருந்தார். மாணவர் மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிட ஒப்புக்கொண்டால் வெல்லும் வாய்ப்பு கூடும். ஆட்சி மாறியது, கட்சி மாறியது, மதிப்பெண்ணின் கையில் இருந்த சாட்டை மட்டும் இன்னும் நீண்டது. 2012 செப்டம்பரில் சிகாகோ ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து ஏழு பள்ளி நாட்கள் தெருவில் நின்றதற்கு இந்த மதிப்பீடும் ஒரு காரணம்.

அட்லாண்டா வழக்கில் 21 பேர் முன்னதாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 12 பேர் விசாரணையைச் சந்தித்தார்கள். மாஃபியா கும்பல்களை மடக்குவதற்கென்று உருவான வகைச் சட்டம் அவர்கள்மீது பாய்ந்தது. 2015 ஏப்ரல் 1 அன்று 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. நீதிமன்றத்திலேயே கைவிலங்கு பூட்டினார்கள். ஹால் கடைசிவரை தனக்கு எதுவும் தெரியாது என்றே சொன்னார். மார்பகப் புற்றுநோயால் தீர்ப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு இறந்துபோனார். மேலதிகாரிகள் மூவருக்கு முதலில் விதித்த ஏழு ஆண்டுச் சிறையை நீதிபதி பிறகு மூன்றாகக் குறைத்தார்.

ஆசிரியர்கள் செய்தது தவறு. பிள்ளையின் தாளில் கைவைத்தவர் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய உதவியைத் திருடினார். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் பதில் சொல்லும் பொறுப்பு என்று நாடு பேசியதெல்லாம் கீழ்நோக்கியே ஓடியது. நூற்றுக்கு நூறு என்று சட்டத்தில் எழுதியவர்களையும், எளிதான தேர்வு வைத்து மார்தட்டிய மாநிலங்களையும், 356 டாலருக்கும் 594 டாலருக்கும் நடுவே இருந்த பள்ளத்தைத் தூர்க்காமல் விட்டவர்களையும் யாரும் விளையாட்டரங்கின் கேலரியில் உட்கார வைக்கவில்லை.

டொனால்ட் கேம்ப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இலேயே இதைச் சொல்லியிருந்தார். ஒரு சமூக அளவீட்டை வைத்து எவ்வளவுக்கு முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கு அந்த அளவீடு கெட்டுப்போகும். அது எதை அளக்க வந்ததோ அதையும் கெடுக்கும். காய்ச்சல்மானி காட்டும் எண்ணுக்காக நர்ஸின் சம்பளத்தைப் பிடித்தால், நோயாளியின் வாயில் ஐஸ்கட்டி வைக்கும் நாள் வந்தே தீரும்.

பெற்றோர் எழுந்தபோது

சட்டத்தை ஆரம்பத்தில் ஆதரித்த சிலரே முதலில் திரும்பினார்கள். மூத்த புஷ் ஆட்சியில் உதவிக் கல்வி அமைச்சராக இருந்த வரலாற்றாசிரியர் டயான் ராவிச், தான் நம்பியது தவறு என்று 2010இல் ஒரு புத்தகமே எழுதினார். 2013 ஜனவரியில் சியாட்டில் நகரின் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு தேர்வை நடத்தவே மாட்டோம் என்று மறுத்தார்கள்.

நியூயார்க்கில் பெற்றோரின் கோபம் ஒரு அன்னாசிப் பழத்தில் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம். 2012இல் எட்டாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் ஒரு கதைப் பத்தி வந்தது. அன்னாசிப் பழம் முயலைப் பந்தயத்துக்கு அழைக்கிறது. பழம் நகரவே இல்லை. பந்தயம் முடிந்ததும் மிருகங்கள் அதைத் தின்றுவிடுகின்றன. ஏன் தின்றன, அவற்றில் புத்திசாலி யார் என்று கேள்விகள். பெரியவர்களுக்கே விடை தெரியவில்லை. இந்தக் கேள்விகளைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று மாநிலக் கல்வித்துறை அறிவித்தது. தங்கள் பிள்ளையின் ஆசிரியருடைய வேலை இப்படிப்பட்ட கேள்விகளில் தொங்குகிறது என்பதைப் பெற்றோர் அப்போதுதான் உணர்ந்தார்கள். 2015இல் நியூயார்க் மாநிலத்தில் தேர்வெழுத வேண்டிய பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கினர், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெற்றோர் சொல்படி எழுத மறுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், அத்தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடுவதை மாநிலம் நிறுத்திவைத்தது.

மைய அரசும் பின்வாங்கியது. நூற்றுக்கு நூறு என்ற இலக்கு எட்டாக்கனி என்பது தெளிவானதும் 2012 முதல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு விலக்கு கொடுக்கப்பட்டது. 2015 டிசம்பர் 10 அன்று ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆண்டுத் தேர்வுகள் நீடித்தன. பிரிவுவாரியாக முடிவு வெளியிடுவதும் நீடித்தது. தவறிய பள்ளியை என்ன செய்வது என்ற முடிவு பெரும்பாலும் மாநிலங்களின் கைக்குப் போனது. மாசசூசெட்ஸில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, மாநிலத் தேர்வில் தேறினால்தான் பள்ளிப் பட்டயம் என்ற நிபந்தனை இருந்தது. ஆளுநர் எதிர்த்தும், 2024 நவம்பரில் ஏறத்தாழ 59 சதவீத வாக்காளர்கள் அதை நீக்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் 2019 செப்டம்பரில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு வேண்டாம் என்பதில் பலர் ஒன்றுபட்டார்கள். அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா, தெரியாவிட்டால் யார் என்ன உதவி செய்வது என்பதைப் பிள்ளையையும் ஆசிரியரையும் மிரட்டாமல் கண்டறியும் வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை.

அட்லாண்டா அந்த வேலையை மிகத் தாமதமாகத் தொடங்கியது. தீர்ப்புக்குப் பிறகு, 2009 தேர்வில் யார் யாருடைய தாளில் அதிகமான அழிப்புகள் இருந்தன என்று பார்த்து, அந்தப் பிள்ளைகளில் இன்னும் நகரப் பள்ளிகளில் படிப்பவர்களைத் தேடினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் அகப்பட்டார்கள். அவர்களுக்காகவே தனிப்பாடமும் வழிகாட்டலும் கொண்ட திட்டம் ஒன்று வந்தது. விடைகள் அழிக்கப்பட்டபோது அவர்களில் பலருக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை. உதவி வந்தபோது அவர்கள் வளர்ந்து உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட வேறு பலர் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். 2006இல் மூன்றாம் வகுப்பில் இருந்த அந்தச் சிறுமியின் வயதையொத்தவர்கள் பள்ளிப் பருவத்தையே கடந்திருந்தார்கள்.